வாயிற்காவலரைத் தேடிய வரலாறு

கோட்டை கட்டி வாழ்ந்த பழைய நகரங்களுக்கு மதில் எத்துணை இன்றியமையாததோ அத்துணை இன்றியமையாதது வாயில். மதில் மட்டும் இருந்து வாயில் இல்லையெனில் உள்ளிருப்போர் பசியால் மடிவர். வாயில் இருந்து காவல் இல்லையெனில் பகைவரால் மடிவர். மனித உடலில் உள்ள ஒவ்வோர் உயிரணுவும் இத்தகைய நகரமே எனலாம். அதன் மதில் ஒரு கொழுப்புச் சவ்வு. ஒரு மில்லிமீட்டரை இரண்டு இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் தடிப்பு.

இம்மதிலின் இயல்பு படிப்படியாகவே தெரியவந்தது. 1890களில் சூரிச் நகரில் ஆய்வு நடத்திய ஓவர்ட்டன், கொழுப்பில் கரையும் பொருள்கள் உயிரணுவுக்குள் எளிதில் நுழைவதைக் கண்டு, உயிரணுவைச் சூழ்ந்திருப்பது கொழுப்புத்தன்மையுடைய உறையே என்று கருதினார். 1925ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லைடன் நகரைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் ஆகிய இருவரும் இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின்மேல் பரப்பி அளந்தனர். அது அவ்வணுக்களின் மேற்பரப்பைப் போல் இருமடங்கு இடத்தை அடைத்தது. ஆகவே சவ்வு இரண்டு அடுக்குகளால் ஆனது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

மதிலின் இயல்பு தெரிந்ததும் ஒரு புதிர் எழுந்தது. கொழுப்பினால் ஆன மதில் நீரில் கரையும் பொருள்களுக்கு வழிவிடாது. ஆனால், உடலைக் கட்டும் புரதங்களுக்கு மூலப்பொருளான அமினோ அமிலங்கள் நீரில் கரைபவை. செம்பு, இரும்பு, துத்தநாகம் முதலிய உலோகங்களும் நீரில் மின்னேற்றம் பெற்ற துகள்களாகவே உலவுகின்றன. இவை உள்ளே செல்லாவிடில் உயிர் இல்லை. அப்படியாயின் இவை எவ்வழியே செல்கின்றன? சவ்வை ஊடுருவி நிற்கும் சில புரதங்களே இவற்றுக்கு வாயிலாகவும் காவலாகவும் அமைந்துள்ளன என்பது இன்று தெளிவாகியுள்ளது. கடத்திப் புரதங்கள் என்று அவை அழைக்கப்படுகின்றன.

இக்காவலரை அறிவியல் கண்டுகொண்ட வரலாறு விந்தையானது. காவலர் ஒழுங்காகப் பணியாற்றும் வரை அவர் இருப்பதை எவரும் உணரவில்லை. பணி தவறிய இடத்திலேதான் அவர் கண்ணுக்குப் புலப்பட்டார். ஒரு சிறுவனின் சிறுநீர்ப்பையில் விளைந்த கல்லும், எழுந்து நிற்க இயலாத ஆட்டுக்குட்டியும், கம்பிபோல் விறைத்த ஒரு குழந்தையின் முடியும் அவரைக் காட்டிக்கொடுத்தன.

கல் சொன்ன செய்தி

1810ஆம் ஆண்டு. பல்லேடியம், ரோடியம் என்னும் இரண்டு உலோகங்களை முன்னரே கண்டறிந்து புகழ்பெற்றிருந்த ஆங்கிலேய வேதியியலறிஞர் வில்லியம் ஹைடு வோலஸ்டன், இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் ஒரு கட்டுரையை வெளியிட்டார். அவர் ஆராய்ந்தது நார்விச் நகர மருத்துவர் ஒருவர் வழியாகக் கிடைத்த ஒரு கல். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் சிறுநீர்ப்பையிலிருந்து எடுக்கப்பட்டது அது. அதுவரை அறியப்பட்டிருந்த எவ்வகைச் சிறுநீர்க் கல்லோடும் அது ஒத்துப்போகவில்லை. கிரேக்க மொழியில் பையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு வோலஸ்டன் அதற்குப் பெயரிட்டார். பின்னர் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ் அப்பெயரைத் திருத்திச் சிஸ்டின் என்றாக்கினார்.

அக்கல்லில் இருந்தது ஓர் அமினோ அமிலம் என்பதை அந்நாளில் எவரும் அறியார். புரதங்கள் அமினோ அமிலங்களால் ஆனவை என்ற அறிவே அப்போது பிறக்கவில்லை. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1899இல், சுவீடனைச் சேர்ந்த மோர்னர் விலங்கின் கொம்பிலிருந்து அதே சிஸ்டினைப் பிரித்தெடுத்தார். நோயாளியின் கல்லில் கிடைத்த பொருளே கொம்பிலும் மயிரிலும் நகத்திலும் உறுதி தரும் பொருளாக விளங்குகிறது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

கல்லின் பொருள் தெரிந்தது. கல் ஏன் விளைகிறது என்பது தெரியவில்லை. 1908ஆம் ஆண்டில் இலண்டன் அரச மருத்துவக் கல்லூரியில் ஆர்ச்சிபால்டு கேரட் தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். பிறவியிலேயே உடலின் வேதிவினைகளில் நேரும் பிழைகள் என்னும் கருத்தை அவர் அங்கு விளக்கினார். அவர் எடுத்துக்காட்டிய நான்கு நிலைகளுள் சிஸ்டின் கல் நோயும் ஒன்று. அது குடும்ப வழியாக வருவதை அவர் சரியாகவே உணர்ந்தார். ஆனால், சிஸ்டினைச் சிதைத்துப் பயன்படுத்தும் வேதிவினையில் குறை நேர்வதால் அது சிறுநீரில் மிகுகிறது என்று எண்ணினார். குறை உலைக்களத்தில் இருப்பதாக அவர் கொண்டார். அது வாயிலில் இருக்கலாம் என்ற எண்ணம் எழ இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தாளில் தோன்றிய புள்ளிகள்

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் இங்கிலாந்தில் மார்ட்டின், சிஞ் என்போரும் அவர்தம் துணைவரும் ஓர் எளிய முறையைக் கண்டனர். வடிதாளின் ஒரு மூலையில் ஒரு துளி நீர்மத்தை இட்டு, தாளின் விளிம்பைக் கரைசலில் தோய்த்து ஊறவிட்டால், துளியில் கலந்திருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு தொலைவு சென்று தங்கும். பின்னர் தக்க மருந்தைத் தெளித்தால் அமினோ அமிலங்கள் ஊதாநிறப் புள்ளிகளாகத் தோன்றும். இம்முறைக்காக அவ்விருவருக்கும் 1952இல் நோபெல் பரிசு கிட்டியது.

இந்தத் தாளை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையைச் சேர்ந்த சார்ல்ஸ் டெண்ட். சிஸ்டின் கல் நோயாளிகளின் சிறுநீரை அவர் தாளில் இட்டுப் பார்த்தபோது ஒரு புள்ளிக்கு மாறாக நான்கு புள்ளிகள் அடர்ந்து நின்றன. சிஸ்டினோடு லைசின், ஆர்ஜினின், ஆர்னிதின் என்னும் மூன்று அமினோ அமிலங்களும் பெருமளவில் வெளியேறிக் கொண்டிருந்தன. இரத்தத்திலோ அவற்றின் அளவு மிகவில்லை.

இந்த இரண்டாம் செய்தியே திறவுகோலாயிற்று. கேரட் கருதியவாறு சிஸ்டினைச் சிதைக்கும் வினையில் குறை இருந்தால் அது முதலில் இரத்தத்தில் தேங்கியிருக்க வேண்டும். தேங்கவில்லையாதலின், குறை சிறுநீரகத்தில்தான் இருக்க வேண்டும். மனிதரின் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதனோடு அமினோ அமிலங்களும் வடிகின்றன. உடல் அவற்றை வீணாக்குவதில்லை. சிறுநீரகக் குழாய்களின் சுவரில் உள்ள உயிரணுக்கள் அவற்றை மீட்டெடுத்து இரத்தத்திற்கே திருப்பி அனுப்புகின்றன. மேற்கூறிய நான்கு அமிலங்களும் வடிவில் ஒன்றையொன்று ஒத்தவை. ஆகவே நான்கிற்கும் பொதுவான ஒரே மீட்பு வாயில் இருத்தல் வேண்டும், இந்நோயாளரிடம் அவ்வாயில் பழுதுபட்டிருத்தல் வேண்டும் என்று டெண்டும் ரோஸும் 1951ஆம் ஆண்டில் எழுதினர். நான்கும் வெளியேறினாலும் தீங்கு செய்வது ஒன்றே. மற்ற மூன்றும் நீரில் எளிதில் கரைந்து போய்விட, கரையாத சிஸ்டின் மட்டும் படிந்து கல்லாகிறது.

1961இல் மில்னும் அவர்தம் குழுவினரும் இந்நோயாளரின் குடலையும் ஆராய்ந்தனர். அங்கும் அதே வாயில் அடைபட்டிருந்தது. குடலும் சிறுநீரகமும் ஒரே வகைக் காவலரை அமர்த்தியிருந்தன என்பது இதனால் விளங்கிற்று. அப்படியாயின் இந்நோயாளர் புரதக் குறைவால் வாடாமல் இருப்பது எங்ஙனம்? தனி அமிலமாக நுழைய இயலாதவை, இரண்டிரண்டாகப் பிணைந்த நிலையில் வேறொரு வாயில் வழியாக நுழைகின்றன என்பதை 1970ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. ஒரு வாயில் அடைபட்டாலும் மறு வாயில் திறந்திருக்குமாறு இயற்கை வழிசெய்து வைத்திருந்தது.

டெண்ட் கண்ட மருத்துவமும் எளியது. கரையாத பொருளைக் கரைக்க நீர் வேண்டும். ஆதலின் நோயாளர் பகலில் மட்டுமன்றி நள்ளிரவில் விழித்தெழுந்தும் நிறைய நீர் பருக வேண்டும் என்று 1955இல் அவர் வலியுறுத்தினார். கல் விளைவதற்கு முன் அதனைத் தடுப்பதே அம்முறையின் உயிர்நிலை.

போலி நாணயங்கள்

நோயாளர் வழியாக மருத்துவர்கள் ஊகித்த வாயில்களை ஆய்வுக்கூடத்தில் எண்ணிப் பார்க்கத் துணிந்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியலறிஞர் ஹால்வர் கிறிஸ்டென்சன். அவர் எடுத்துக்கொண்டவை சுண்டெலியின் வயிற்று நீரில் மிதந்து வளரும் ஒருவகைப் புற்றணுக்கள். உயிரணுவுக்குள் சென்ற அமினோ அமிலம் உடனே செலவாகிவிடுவதால், எவ்வளவு சென்றது என்று அளப்பது கடினம். இதற்கு அவரும் துணைவர்களும் ஒரு வழி கண்டனர். வடிவில் அமினோ அமிலத்தை ஒத்ததாகவும், உயிரணு செலவிட முடியாததாகவும் உள்ள ஒரு பொருளை அனுப்பினர். கடைத்தெருவில் செல்லாத நாணயத்தைக் கொண்டு சென்றவன் அதனைக் கையிலேயே வைத்திருப்பது போல, அப்பொருள் உள்ளே சென்று அப்படியே தங்கியது. அதனை அளப்பது எளிதாயிற்று.

இத்தகைய சோதனைகளின் பயனாக, 1963ஆம் ஆண்டில் ஆக்செண்டரும் கிறிஸ்டென்சனும் ஒரே உயிரணுவில் வெவ்வேறு வாயில்கள் இருப்பதை நிறுவினர். அலனினைப் போன்றவற்றை விரும்பி ஏற்பது ஒன்று. லியூசினைப் போன்றவற்றை விரும்பி ஏற்பது மற்றொன்று. அப்புரதங்களில் ஒன்றையும் எவரும் கண்ணால் கண்டதில்லை. எந்த அமிலம் எந்த அமிலத்தை வாயிலில் முந்துகிறது என்பதைக் கொண்டே அவர்கள் காவலரை வேறுபடுத்திக் காட்டினர்.

இதற்கிடையில், 1956ஆம் ஆண்டில், இலண்டனில் டெண்டும் அவர்தம் துணைவர்களும் ஹார்ட்னப் நோய் என்னும் புதிய நோயை விவரித்தனர். வெயில் பட்ட தோல் புண்ணாதல், நடை தள்ளாடுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். உணவில் நியாசின் என்னும் உயிர்ச்சத்து இல்லாதோருக்கு வரும் நோயை அது ஒத்திருந்தது. உடல் நியாசினின் ஒரு பகுதியை டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஆக்கிக்கொள்கிறது. இந்நோயாளரிடம் டிரிப்டோபேனும் அதன் இனத்தவையும் நுழையும் வாயில் பழுதுபட்டிருந்தது. உண்ணும் உணவில் குறையில்லை. உண்டது உள்ளே சேரவில்லை. தட்டு நிறைந்திருந்தும் உடல் வறுமையுறலாம் என்ற உண்மையை இந்நோய் உணர்த்திற்று. அவ்வாயிலுக்குரிய மரபணு 2004ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

மேய்ச்சல் நிலத்தில் கிடைத்த பாடம்

அமினோ அமிலங்களுக்கு மருத்துவமனை வழிகாட்டியது போல, உலோகங்களுக்கு வழிகாட்டியது ஆட்டுப்பட்டி. மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகருக்கு வடக்கே உள்ள ஜின்ஜின் வட்டாரத்தில், ஆட்டுக்குட்டிகள் பின்னங்கால்கள் தள்ளாடி நிற்க இயலாமல் வீழ்ந்து இறந்தன. புல் செழித்திருந்தது, ஆடுகளோ நலிந்தன. கால்நடை நோயியலறிஞர் பென்னெட்ஸ், சாப்மன் என்பவரோடு இணைந்து ஆராய்ந்து, அந்நிலத்துப் புல்லில் செம்பு போதாமையே காரணம் என்று 1937ஆம் ஆண்டில் அறிவித்தார்.

செம்பு குறைந்த மேய்ச்சலில் வளர்ந்த ஆடுகளின் கம்பளியிலும் மாற்றம் காணப்பட்டது. இயல்பான நெளிவு நீங்கி மயிர் விறைத்து நின்றது. இழுத்தால் எளிதில் அறுந்தது. எஃகுக் கம்பளி என்று ஆஸ்திரேலிய மக்கள் அதனை அழைத்தனர். கருநிற ஆடுகளின் கம்பளி நிறம் வெளுத்தது. மயிரின் உறுதி சிஸ்டினால் வருவது. சிஸ்டினின் ஒரு பாதி மறு பாதியோடு கந்தகப் பாலத்தால் இணையும்போதே மயிர் முறுக்கும் வலிவும் பெறுகிறது. செம்பு குறைந்தால் அப்பாலம் முழுமையாக அமைவதில்லை. வோலஸ்டன் கல்லில் கண்ட பொருளும் மேய்ச்சல் நிலத்துச் செம்பும் ஆட்டு மயிரில் சந்தித்தன.

இந்த ஆய்வில் மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. சினையாக இருக்கும்போதே தாய் ஆட்டுக்குச் செம்பு கொடுத்தால் குட்டி நலமுடன் பிறந்தது. நரம்பு மண்டலம் சிதைந்து தள்ளாடத் தொடங்கிய குட்டிக்குக் கொடுத்த செம்போ சிதைந்ததைச் சீர்செய்யவில்லை. மருந்து ஒன்றே, காலமே பயனை வேறாக்கியது. ஆட்டுப்பட்டியில் கற்ற இப்பாடத்தை மனிதக் குழந்தைகளின் பொருட்டு மீண்டும் கற்க மருத்துவ உலகிற்கு நெடுங்காலம் பிடித்தது.

குழந்தையின் முடி

1962ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மென்கிஸ் என்னும் நரம்பியல் மருத்துவரும் அவர்தம் துணைவர்களும் ஒரே குடும்பத்தில் பிறந்த ஐந்து ஆண் குழந்தைகளைப் பற்றி எழுதினர். பிறந்த சில வாரங்கள் வரை நலமாக இருந்த அக்குழந்தைகள் பின்னர் வளர்ச்சி குன்றி, வலிப்புக்கு ஆளாகி, இளம் வயதிலேயே இறந்தன. அவர்களின் முடி நிறம் குன்றி, முறுக்குண்டு, தொட்டால் உதிர்வதாக இருந்தது. தாய்வழி வந்து ஆண் மக்களைத் தாக்கும் நோய் இது என்பது தெளிவு. காரணம் மட்டும் தெரியவில்லை. பத்தாண்டுகள் அது புதிராகவே இருந்தது.

புதிரை அவிழ்த்தது ஆஸ்திரேலியாவே. மெல்போர்ன் நகரின் அரச குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டேவிட் டேங்ஸ், இக்குழந்தைகளின் முடி செம்பு குறைந்த ஆடுகளின் கம்பளியைப் போல் இருப்பதைக் கண்டார். வேறொரு நாட்டு மருத்துவருக்கு இவ்வொப்புமை தோன்றியிருக்குமா என்பது ஐயமே. கம்பளி விளையும் நாட்டில் அவ்வறிவு ஆட்டுப்பட்டியிலிருந்து மருத்துவமனை வரை பரவியிருந்தது. குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது செம்பு மிகக் குறைந்திருந்தது. 1972ஆம் ஆண்டில் இக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று. கம்பளிப் புரதங்களை ஆராய்ந்துவந்த கில்லெஸ்பியும் அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. குழந்தை மருத்துவமும் கம்பளி ஆய்வும் ஒரே கட்டுரையில் இணைந்தது அரிய நிகழ்ச்சி.

குழந்தைகளின் எல்லாத் துன்பங்களுக்கும் இப்போது பொருள் புரிந்தது. செம்பைத் துணையாகக் கொண்டு இயங்கும் நொதிகள் பல. முடிக்கும் தோலுக்கும் நிறம் தருவது ஒன்று. இரத்தக் குழாய்களின் சுவருக்கு உறுதி தருவது ஒன்று. உயிரணுவின் ஆற்றலை ஆக்குவது ஒன்று. மூளையில் செய்தி கடத்தும் பொருளை ஆக்குவது ஒன்று. ஓர் உலோகம் குறைந்ததும் இவை அனைத்தும் ஒருங்கே தளர்ந்தன.

ஆயினும் இக்குழந்தைகள் உண்ட பாலில் செம்பு இருந்தது. ஆட்டுக்கு நிலத்தில் குறை. குழந்தைக்கு எங்கே குறை? 1973ஆம் ஆண்டில் டேங்ஸும் துணைவர்களும் குடலின் உட்சுவரை ஆராய்ந்தனர். அங்குள்ள உயிரணுக்களில் செம்பு இயல்பைவிட மிகுதியாகக் குவிந்திருந்தது. முன்வாயிலில் நுழைந்த செம்பு பின்வாயில் வழியே இரத்தத்திற்குச் செல்ல முடியாமல் தேங்கி நின்றது. களஞ்சியம் நிறைந்திருக்க, தெருவில் பஞ்சம் நிலவிய கதையாயிற்று அது.

மிகுந்தாலும் நஞ்சு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி செம்புக்கு முற்றும் பொருந்தும். 1912ஆம் ஆண்டில் கின்னியர் வில்சன் என்னும் இளம் மருத்துவர் இலண்டனில் ஒரு நோயை விரிவாக விவரித்தார். இளைஞர்களின் கைகால் நடுங்கி, பேச்சுக் குழறி, உடல் விறைத்து, கல்லீரலும் கெடும் நோய் அது. இத்தகையோரின் கருவிழி ஓரத்தில் பழுப்பும் பசுமையும் கலந்த வளையம் தோன்றுவதை ஜெர்மனியில் கைசர் 1902இலும் பிளைசர் 1903இலும் குறித்திருந்தனர். அவ்வளையம் செம்பின் படிவு என்பதும், மூளையிலும் கல்லீரலிலும் செம்பு குவிந்திருப்பதும் மெல்ல மெல்ல வெளிப்பட்டன. 1948ஆம் ஆண்டில் கமிங்ஸ் அவ்வுறுப்புகளில் செம்பின் அளவைக் கணக்கிட்டு, உலோகத்தை வெளியேற்றும் மருந்தால் இந்நோயைத் தணிக்கலாம் என்று கருத்துரைத்தார். போர்க்கால நச்சு வாயுவுக்கு மாற்றாக இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட ஒரு மருந்து பயன்பட்டது. ஆனால் அதனைத் தசையில் ஊசி வழியே செலுத்த வேண்டும், வலியோ மிகுதி.

வாய்வழி உட்கொள்ளத்தக்க மருந்தைக் கண்டவர் ஆங்கிலேய மருத்துவர் ஜான் வால்ஷ். பெனிசிலின் பெற்ற நோயாளரின் சிறுநீரில் பெனிசிலமைன் என்னும் அமினோ அமிலம் வெளியேறுவதை அவர் முன்பு கண்டிருந்தார். அது சிஸ்டினின் ஒரு பாதியை வடிவில் ஒத்தது, கந்தகம் உடையது. கந்தகம் செம்பைப் பற்றும் இயல்பினது. 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்சன் நோயாளர் ஒருவரைக் கண்டபோது இந்த நினைவு அவருக்கு எழுந்தது. முதலில் தாமே அம்மருந்தை உட்கொண்டு பார்த்து, பின்னரே நோயாளருக்குக் கொடுத்தார். சிறுநீரில் செம்பு பெருகி வெளியேறியது. 1956இல் அவர் அதனை உலகுக்கு அறிவித்தார்.

அதே பெனிசிலமைன் 1963ஆம் ஆண்டில் வேறொரு பணிக்கும் அமர்த்தப்பட்டது. கிராஹால், ஸ்கோவன், வாட்ஸ் ஆகியோர் அதனைச் சிஸ்டின் கல் நோயாளருக்குக் கொடுத்தனர். அது சிஸ்டினின் பாதியோடு இணைந்து நீரில் எளிதில் கரையும் பொருளை ஆக்கியது. உலோக வாயில் கெட்ட நோய்க்கும் அமினோ அமில வாயில் கெட்ட நோய்க்கும் ஒரே மருந்து உதவியது. பின்னர் துத்தநாகமும் வில்சன் நோய்க்கு மருந்தாயிற்று. அது குடலின் உயிரணுக்களில் உலோகத்தைப் பிடித்துவைக்கும் புரதத்தைப் பெருக்கி, செம்பு உடலுக்குள் செல்லாமல் தடுக்கிறது.

1968ஆம் ஆண்டில் ஸ்டெர்ன்லீப், ஷெயின்பெர்க் ஆகிய இருவரும் இன்னும் ஒரு படி முன்னே சென்றனர். நோய் கண்டவருக்கு மட்டுமன்றி, நோய்க்குரிய மரபைப் பெற்றும் அறிகுறி தோன்றாமல் இருப்போருக்கும் முன்கூட்டியே பெனிசிலமைன் கொடுத்தால் நோயைத் தடுக்கலாம் என்று அவர்கள் காட்டினர். ஆட்டுப்பட்டியின் பாடம் இங்கே முதன்முறையாக மனிதரிடம் பலித்தது.

இரட்டைக் காவலர்

ஒரு நோயில் செம்புப் பஞ்சம். மற்றொன்றில் செம்பு வெள்ளம். இவ்விரண்டும் உடன்பிறந்தவை என்பது 1993ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் மென்கிஸ் நோய்க்குரிய மரபணுவை எக்ஸ் குரோமோசோமில் கண்டறிந்தன. அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் அக்குழுக்களில் இருந்தனர். அம்மரபணு ஆக்கும் புரதம், பாக்டீரியாக்கள் நச்சு உலோகங்களை வெளியே தள்ளப் பயன்படுத்தும் புரதங்களை ஒத்திருந்தது. ஆற்றலைச் செலவிட்டுச் செம்பைச் சவ்வின் மறுபுறம் தள்ளும் இயந்திரம் அது. அதே ஆண்டு முடிவதற்குள் வில்சன் நோயின் மரபணுவும் பதின்மூன்றாம் குரோமோசோமில் கண்டறியப்பட்டது. இரண்டு புரதங்களும் அமைப்பில் பாதிக்கு மேல் ஒன்றுபட்டிருந்தன.

ஒரே குலத்தில் பிறந்த இக்காவலர் இருவரும் நிற்கும் இடம்தான் வேறு. முன்னவர் குடலில் நின்று செம்பை இரத்தத்திற்குள் அனுப்புகிறார். பின்னவர் கல்லீரலில் நின்று மிகுந்த செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்றுகிறார். முன்னவர் தவறினால் உடலுக்குச் செம்பு கிட்டாது. பின்னவர் தவறினால் உடலைவிட்டுச் செம்பு நீங்காது. 1996ஆம் ஆண்டில் மெல்போர்ன் ஆய்வாளர்கள் மேலும் ஒரு விந்தையைக் கண்டனர். முன்னவர் ஓரிடத்தில் நிலைத்து நிற்பவர் அல்லர். செம்பு குறைவாக இருக்கையில் உயிரணுவின் உட்பகுதியில் இருந்து நொதிகளுக்குச் செம்பு வழங்குகிறார். செம்பு மிகும்போது சவ்வின் ஓரத்திற்கு நகர்ந்து வந்து அதனை வெளியே தள்ளுகிறார்.

அமினோ அமில வாயில்களின் மரபணுக்களும் இக்காலத்திலேயே புலப்பட்டன. சிஸ்டின் கல் நோய்க்குரிய முதல் மரபணு 1994ஆம் ஆண்டிலும் இரண்டாவது 1999ஆம் ஆண்டிலும் தெரியவந்தன. அவ்வாயிலைக் காப்போர் இருவர். ஒருவர் அமிலத்தைக் கடத்துபவர். மற்றவர் அவரைச் சவ்வில் உரிய இடத்தில் அமர்த்துபவர். இருவருள் எவர் தவறினாலும் கல் விளையும். டெண்டும் ரோஸும் தாளில் கண்ட புள்ளிகளைக் கொண்டு ஊகித்தது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து மெய்யாயிற்று. இன்று மனித உடலில் பல்வகைப் பொருள்களைக் கடத்தும் ஒரு பெருங்குடும்பத்தில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட கடத்திப் புரதங்கள் அறியப்பட்டுள்ளன.

இருபத்திரண்டு நாள்

அறிவு வளர்ந்தது, மென்கிஸ் நோயால் தாக்குண்ட குழந்தை பிழைத்ததா? 1970களில் செம்பு உப்புகளை ஊசி வழியே செலுத்திப் பார்த்தனர். குடல் வாயிலைக் கடந்து நேரே உடலுக்குள் சென்ற செம்பு இரத்தத்தில் உயர்ந்தது. நோயின் போக்கோ பெரும்பாலும் மாறவில்லை.

இங்கே உலோகத்தின் கதையும் அமினோ அமிலத்தின் கதையும் மீண்டும் ஒன்றாகின்றன. கனடாவின் டொரான்டோ நகரில் குழந்தைகள் மருத்துவமனையில் ஆய்வு நடத்திய விபுதேந்திர சர்க்கார் முதலியோர், இரத்தத்தில் செம்பின் ஒரு சிறு பகுதி ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தோடு பிணைந்து உலவுவதை 1960களின் பிற்பகுதியில் கண்டறிந்தனர். தனியே செல்லத் தயங்கும் விருந்தினரை உறவினர் கைப்பிடித்து அழைத்துச் செல்வது போன்றது அப்பிணைப்பு. அதே சேர்மத்தை மருந்தாக்கி, 1970களிலேயே மென்கிஸ் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினர். மிக விரைவில் மருந்து பெற்ற சிலர் எவரும் எதிர்பாராத வகையில் வளர்ந்தனர். காலந்தாழ்ந்து பெற்றவர்க்கு அது பயன்படவில்லை.

ஆகவே சிக்கல் மருந்தில் இல்லை, நாளில் இருந்தது. பிறந்தவுடன் இக்குழந்தைகள் நலமுடையவராகவே தோன்றுவர். பச்சிளங் குழந்தைகள் எல்லோருக்கும் இரத்தத்தில் செம்பு குறைவாகவே இருக்கும். அதனால் செம்பை அளந்து நோயை அறிய இயலாது. அமெரிக்க தேசிய நலவாழ்வு நிலையத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கேலரும் துணைவர்களும் வேறு வழியைக் கையாண்டனர். டோபமைன் என்னும் பொருளை மற்றொன்றாக மாற்றும் நொதிக்குச் செம்பு வேண்டும். செம்பு கிட்டாத குழந்தையிடம் அம்மாற்றம் தடைப்படும். இரத்தத்தில் இவ்விரு பொருள்களின் விகிதத்தை அளந்தால் நோயை முதல் நாள்களிலேயே அறியலாம்.

2008ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவுகள் காலத்தின் மதிப்பைக் கண்முன் நிறுத்துகின்றன. பிறந்து 22 நாள்களுக்குள் செம்பு ஹிஸ்டிடின் மருந்தைப் பெறத் தொடங்கிய 12 குழந்தைகளுள் 92 விழுக்காட்டினர், ஏறத்தாழ நாலரை ஆண்டுக் கண்காணிப்பிலும் உயிருடன் இருந்தனர். முன்னர், காலந்தாழ்ந்து நோய் அறியப்பட்டு மருந்து பெற்ற 15 குழந்தைகளுள் உயிருடன் இருந்தோர் 13 விழுக்காட்டினரே. இவ்வெற்றியும் முழுமையானதன்று. பன்னிருவருள் இருவரே இயல்பான நரம்பு வளர்ச்சி பெற்றனர். வாயிலில் சிறிதேனும் செயலாற்றல் எஞ்சியிருந்தவர்க்கே மருந்து பெரும்பயன் அளித்தது. பழுதுற்ற காவலருக்கு மாற்றாக வேறு காவலரை அமர்த்தும் மரபணு மருத்துவத்தை ஆய்வாளர் இன்றும் தேடிக்கொண்டிருக்கின்றனர்.

வோலஸ்டன் கல்லை ஆராய்ந்தது முதல் இந்நாள் வரை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இவ்வரலாற்றில் பெரிய திருப்பங்கள் எல்லாம் ஒரு துறையினர் மறு துறையின் வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தபோதே நிகழ்ந்தன. கல்லை வேதியியலறிஞர் பார்த்தார். சிறுநீரை வடிதாளில் இட்டு மருத்துவர் பார்த்தார். குழந்தையின் முடியில் ஆட்டுக் கம்பளியைக் கண்டவர் பார்த்தார். பெனிசிலினின் கழிவில் செம்புக்கு மருந்தைக் கண்டவர் பார்த்தார். மற்றொன்றும் இவ்வரலாற்றில் திரும்பத் திரும்பக் கேட்கிறது. கல் விளையுமுன் நள்ளிரவில் பருகும் நீர், கை நடுங்குமுன் கொடுக்கும் மருந்து, பிறந்த மூன்று வாரத்திற்குள் செலுத்தும் செம்பு ஆகிய மூன்றும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. ஜின்ஜின் வட்டாரத்துத் தாய் ஆட்டுக்குக் குட்டி ஈனுமுன் செம்பு கொடுத்தபோதே அவ்வுண்மை வெளிப்பட்டுவிட்டது. ஒரு குழந்தை பிறந்த முதல் வாரத்திலேயே அதன் வாயில்களின் நிலையை அறியும் சோதனை ஒவ்வொரு மருத்துவமனைக்கும் எட்டும் நாளில்தான் அப்பாடம் முழுமையாகக் கற்கப்பட்டதாகும்.